ஆணி அடிக்க ஒரு வீடு

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் உறைபனி. வாசல் புல் முழுக்க வெள்ளை. குழாயில் தண்ணீர் இல்லை. தோசை மாவு மூன்றாம் நாளாகப் பொங்காமல் கிடக்கிறது.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் (இனி வீ.கா.) வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, "இந்த மாசக் கடைசியில சாவியக் குடுத்துருங்கம்மா. சீசனுக்கு ரூம்ஸ் ஆக்குறேன். மூணு அட்டாச்டு பாத்ரூம் கட்டணும்" என்றார்.

பக்கத்தில் நின்ற இவர், என் கணவர், கடையில் ஸ்வெட்டர் விற்கும் அதே குரலில், "அதுக்கென்ன சார், காலி பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டு மனிதர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோதும் அதுக்கென்ன என்றுதான் சொல்லியிருப்பார்.

கல்யாணமாகி கொடைக்கானல் வந்து இருபத்திரண்டு வருடம். இது ஏழாவது வாடகை வீடு. ஏழிலும் ஒரே சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது. காற்றடித்தால் தேதி வெளியே போய்விடும்.

முடிவு: எட்டாவது வாடகை வீடு கிடையாது. வாங்குகிறோம். இருபத்தேழு நாள் இருக்கிறது.

பணத்துக்கு வேறு நோட்டு. அது பீரோவில். இங்கே அதைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல வெயில். புரோக்கர் செல்வத்தின் ஜீப்பில் செண்பகனூர். வீடு நம்பர் 1.

"வியூ பாருங்கக்கா, வியூ!" என்று பால்கனியிலேயே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தான். பள்ளத்தாக்கு அழகுதான். ஆனால் நான் அதை விலைக்குக் கேட்கவில்லை. உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. பீரோவை நகர்த்தச் சொன்னேன்.

"எதுக்குக்கா, கனமா கெடக்கு."

நானே தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை, பச்சையும் கறுப்புமாக. செல்வம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடித்ததாகத் தெரியவில்லை.

மறக்காமல் இருக்க:
— புதுப் பெயின்ட் என்றால் பீரோவுக்குப் பின்னால் பார்.
— வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து நூறு எண்ணு. கை ஈரமானால் நடையைக் கட்டு.
— வெயிலில் பார்த்த வீட்டை மேகம் இறங்கிய நாளில் இன்னொரு தடவை பார்.
— புரோக்கர் முதுகால் மறைத்து நிற்கும் இடத்தை முதலில் பார்.

சீனி தீர்ந்துவிட்டது. டார்ச்சுக்கு பேட்டரி.

பிப்ரவரி 5, வியாழன்

வீடு 2: "தண்ணி இருவத்துநாலு மணி நேரமும் வரும்." குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. பிறகு ஒரு தவளைக்குஞ்சு.

வீடு 3: எல்லாம் சரி. ஆனால் வாசலுக்குப் போகும் பாதை அடுத்த வீட்டு அடுப்படியை ஒட்டிப் போகிறது. அந்த வீட்டம்மாவிடம், "இந்தப் பாதை பத்திரத்துல இருக்காங்க?" என்று கேட்டேன். "பத்திரத்துல எல்லாம் இல்ல. நான் சண்ட போடாத வரைக்கும் இருக்கும்" என்றார். நேர்மையான பெண்.

— பாதை யாருடையது என்று பக்கத்து வீட்டில் கேள்.

திரும்பும்போது இவர், "வாடகைக்கே ஒண்ணு பாத்துருவமா?" என்றார். வெளியே பார்த்துக்கொண்டு வளைவுகளை எண்ணினேன். ஒன்பது.

பிப்ரவரி 8, ஞாயிறு

பள்ளங்கி. இதற்குப் புரோக்கர் இல்லை. கடைக்குக் குல்லா வாங்க வந்த ஒருவர் சொல்லி, நாங்களே பஸ்ஸில் போனோம்.

வீட்டு அம்மா பேச்சியம்மாள். அறுபது இருக்கும். கணவர் இல்லை. மகன் ரோட்டோரம் காங்கிரீட் வீடு கட்டி, தை பிறந்ததுமே பால் காய்ச்சிக் குடி போயாயிற்று. பழைய வீடு சும்மா கிடக்கிறது. மண் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு அறை, பெரிய அடுப்படி. வாசலில் ஒரு பேரி மரம்.

நான் கையைச் சுவரில் வைப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"முன்னாடியே சொல்லிர்றேன் பாயம்மா. மேக்குச் செவுரு மழைக்கு நனையும். ஓடு மூணு எடத்துல ஒழுகும். பின்னாடி மரநாய் வரும், கோழி வச்சா நிக்காது. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

இத்தனை வீட்டில் குறையைச் சொல்லி விற்கும் முதல் ஆள். எனக்கு அப்போதே மனதில் விழுந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. காட்டினால் விலை ஏறும்.

அடுப்படிக்கு மேலே பரண். குறுக்கே மரச் சட்டங்கள். பூண்டு அறுவடை நடக்கிறது. பாதிக் கத்தைகளைத் தாளோடு கட்டி ஏற்கெனவே தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே விறகடுப்பில் புகை.

"ஒரு கண்டிசன் இருக்கும்மா. பூண்டு வைகாசி வரைக்கும் இங்கனதான் கெடக்கும். புது வீட்டுல எங்கிட்டுத் தொங்கவிட? காங்கிரீட்டு. அடுப்பும் கேஸு. இது வெதப் பூண்டு. பகல்ல பொக பட்டுக்கிட்டே இருக்கணும். பொக இல்லன்னா பூஞ்சக்காளான் புடிச்சுரும், முளைப்பு போயிரும். அடுத்த வெள்ளாம எனக்கு இல்லன்னு ஆயிரும்."

"அதுக்கென்னக்கா, பாத்துக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது இவருடைய வசனம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேகம் இறங்கிய நாள். வேண்டுமென்றே இன்று மறுபடி போனோம். வடக்குச் சுவரில் கை வைத்து நூறு எண்ணினேன். காய்ந்த சுவர். அடுப்புப் புகையின் வேலை.

கூடவே ஒரு காலி சிலிண்டர். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். ரோட்டில் இறங்கியதும், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறும்படி இவரிடம் சொன்னேன். எண்பத்தாறு படி. பாதியில் உட்கார்ந்து, "காலி சிலிண்டர் எதுக்குடி, வீடா பாக்குறோம், என்னயவா பாக்குறே?" என்றார்.

— சிலிண்டர் ஏறாத வீட்டில் குடும்பம் ஏறாது. பத்திரத்துக்கு முன்னால் தூக்கிப் பார்.

ஏறிவிட்டார். பேச்சியம்மாள் மோர் கொடுத்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

பத்திரம் எழுதுபவரிடம் எல்லாத் தாளையும் கொடுத்தேன். வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா பேச்சியம்மாளின் மாமனார் பெயரில். மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள்: பேச்சியம்மாளின் கணவர், ஒரு மகள். மகள் அங்கம்மாள், பண்ணைக்காட்டில் கட்டிக்கொடுத்தது.

"அவுங்க கையெழுத்து?"

எழுதுபவர் பேனாவை மூடினார். "பொதுவா கேக்க மாட்டாங்கம்மா. ஊருல எல்லாம் ஆம்பளப் புள்ளைக்குத்தான்னு விட்டுருவாங்க. இத்தன வருசத்துல அந்தம்மா வந்து கேட்டாங்களா? இல்லல்ல."

கேட்கவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? என் அத்தாவின் கடையில் என் பங்கையும் நான் கேட்கவில்லைதான். அதை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? யாரும் வந்து கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இதை இங்கே எழுதத்தான் முடிகிறது.

— வாரிசு எல்லோரும் வந்து கையெழுத்துப் போடாத வீட்டை வாங்காதே. இதில் சமாதானம் கிடையாது.

பேச்சியம்மாளிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. எட்டு வருசமாச்சு. ஒங்களுக்கு வேணும்னா நீங்க போயிக் கேளுங்க."

பிப்ரவரி 16, திங்கள்

பண்ணைக்காடு பஸ். கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அங்கம்மாள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி, உரத்த குரல். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்காமல் மிளகைக் கிளறியபடியே பேசினார்.

"வீட்ட விக்கிறது எனக்குத் தெரியும். ஊர்ல வீசுற காத்தே சொல்லிருச்சு. அந்த வீடு எனக்கு வேண்டாம். எனக்கு ஒரு பைசா வேண்டாம். என் அண்ணன் செத்ததுக்கு அப்புறம் மதினி என்னய ஒரு வார்த்த வான்னு கூப்பிடல. கையெழுத்துக்கு மட்டும் பாயம்மாவ அனுப்பிருக்கா."

"அவுங்க அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன். நீங்க வராம நான் வாங்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். கையில் ஒட்டிய மிளகை உதறினார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். வாழைக்காய்ப் பொரியலும் ரசமும். கிளம்பும்போது: "வந்து கூப்பிடச் சொல்லுங்க. போடுறேன்."

பிப்ரவரி 18, புதன்

பேச்சியம்மாள் முதலில் மாட்டேன் என்றார். பிறகு இன்று காலை முதல் பஸ்ஸில் போயே விட்டார். மாலையில் போன்.

"கூப்பிட்டுட்டேன். வர்றாளாம். மாசி முடியிறதுக்குள்ள பத்திரத்த முடிச்சுருவோம். பங்குனியில வேண்டாம்."

என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "என்னத்தப் பேச. மெளகு காயப்போட்டிருந்தா. நானும் ஒக்காந்து கிளறுனேன்."

மார்ச் 12, வியாழன் என்று முடிவு. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம். பத்திரத்துக்கு முன்னால் குடி போவது என் சட்டத்துக்கு விரோதம். ஆனால் வீ.கா. மார்ச் வரை விட மாட்டார். பேச்சியம்மாளே சொன்னார், "வந்து இருந்துக்கிருங்க. பூண்டப் பாத்துக்கிருங்க, போதும்."

நாளை அல்லது மறுநாள் நோன்பு. பேரீச்சம்பழம் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

பத்தாவது நோன்பு. மூட்டை முடிச்சு 19. பாத்திரப் பெட்டி 2, கடைச் சரக்கு 6, தையல் மிஷின்.

வீ.கா. வந்து சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். ஒரு துளையும் இல்லை. "நீட்டா வச்சிருந்தீங்கம்மா, ஒங்கள மாதிரி டெனன்ட் கெடைக்கணும்" என்றார். பாராட்டுதான். எனக்கு என்னவோ திட்டியது போல இருந்தது. இந்தச் சுவர்களுக்கு இடையில் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன், ஒரு தடமும் இல்லை.

ஜன்னல் கம்பியிலிருந்து காலண்டரைக் கழற்றினேன்.

மார்ச் 3, செவ்வாய்

பள்ளங்கி வீடு. பேரி மரத்தில் பூ. நேற்றும் முந்தாநாளும் சொன்னபடி விறகடுப்பு மூட்டினேன். கண் எரிகிறது. பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்புக்காரி. ஊதாங்குழலில் ஊதினால் சாம்பல் என் மேலேயே வருகிறது. நோன்பு வாயோடு புகையில் நிற்க முடியவில்லை. இருமல்.

பரண் முழுக்கப் பூண்டு. கீழே படுத்தால் வாசனை போர்வை வரைக்கும்.

மார்ச் 6, வெள்ளி

நேற்றிலிருந்து மழை. எதிர்பார்க்காத மழை. மேற்குச் சுவர் நனைந்தது, பேச்சியம்மாள் சொன்ன அதே இடத்தில். ஓடு மூன்றில் ஒழுகல், அதே மூன்று. சட்டி வைத்தேன். ஏமாற்றாத மனுஷி.

இவர் கடையை முடித்துவிட்டு டவுன் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கி வந்துவிடுகிறார். மீதிக்கு கேஸ். சமையல் வேலையே இல்லை. பகலில் தூங்கினேன். நிம்மதி.

மார்ச் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு பேச்சியம்மாள் வந்தார். வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினார். நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்பில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. ஏணியில் ஏறி ஒரு கத்தையை இறக்கி, ஒரு பூண்டைப் பெருவிரலால் அமுக்கினார். தோல் உரிந்து, உள்ளே நீலப் பூஞ்சை.

"அடுப்பு எரிஞ்சு எத்தன நாளாச்சு?"

எண்ணிப் பார்த்தேன். "ஆறு நாளு."

"மழையில ஆறு நாளா?"

நோன்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நோன்பின் மேல் பழி போடக் கூடாது. மறந்தது நான். கஞ்சி வாளியில் வந்தது, கேஸ் இருந்தது, கண் எரியவில்லை, அதனால் மறந்தேன். பார்த்துக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த அதே வாய்.

"இந்த ஒண்ணுதானம்மா கேட்டேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வீடு வேண்டாம். அட்வான்ஸத் திருப்பித் தந்துர்றேன். சாமானக் கட்டுங்க."

போய்விட்டார்.

மதியம் இவர் வந்தார். விஷயம் சொன்னேன். "அதுக்கென்ன, வேற வீடு—"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்த்துக் கத்தினேன். "அதுக்கென்னன்னு இனிமே ஒரு தடவ சொன்னீங்க, அப்புறம் இருக்கு!" மனிதர் பயந்து விறகு பிளக்கப் போய்விட்டார். நல்லதுதான். விறகு வேண்டும்.

வீடு போவது ஒரு பக்கம். ஒரு வருட விதை என் கையால் போகக் கூடாது. மூட்டை கட்டச் சொன்னால் கட்டுகிறேன். அதற்கு முன்னால் அடுப்பு. மூன்று மணிக்கு மூட்டினேன். ஐந்தாவது தீக்குச்சியில் பற்றியது. கண்ணீர் புகையால் பாதி.

மார்ச் 10, செவ்வாய்

வெள்ளனே ஏணி போட்டு ஒவ்வொரு கத்தையாக இறக்கினேன். அமுக்கிப் பார், கெட்டது தனி, சந்தேகம் தனி, நல்லது தனி. வாசலில் வெயில் வந்திருந்தது. பழைய சேலையை விரித்துப் பரப்பினேன்.

பத்து மணிக்குப் படியில் இரண்டு பேர். பேச்சியம்மாள், பின்னால் பையோடு அங்கம்மாள். கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். சாமான் கட்டிவிட்டேனா என்று பார்க்க வந்தார்களாம்.

நான் எழுந்திருக்கவில்லை. "இன்னும் பாதி இருக்குங்க. முடிச்சிட்டுக் கட்டுறேன்" என்றேன்.

பேச்சியம்மாள் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு குனிந்து, நான் நல்லது என்று போட்டதில் ஒன்றை எடுத்துக் கெட்டதில் போட்டார். இன்னொன்று. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கம்மாளும் உட்கார்ந்தார். மூன்று பேரும் பூண்டு அமுக்கினோம்.

வெகு நேரம் கழித்து அங்கம்மாள், "ஏன் மதினி, நான் வயசுக்கு வந்த வருசம் ஞாபகம் இருக்கா? நீ கல்யாணமாகி வந்த புதுசு" என்றார்.

பேச்சியம்மாள் அடுத்த பூண்டை எடுத்தார்.

"எல்லாரும் பழனிக்குப் போனீக. அடுப்பப் பாத்துக்கடின்னு என்னய விட்டுட்டுப் போனீக. நான் பக்கத்து வீட்டுல டிவி பாக்கப் போயிட்டேன். மூணு நாளு. நாப்பது கத்த போச்சு. அப்பா கம்ப எடுத்தாரு. நீதானே குறுக்க நின்னு, தப்பு என்னுதுன்னு சொன்ன?"

"அந்தக் கதை இப்ப எதுக்கு?"

"சும்மா. ஞாபகம் வந்துச்சு."

பேச்சியம்மாள் கையிலிருந்த பூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாதவர் போல. கடைசியில் நல்லதில் போட்டார்.

"எத்தன கத்த கெட்டுருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"பன்னெண்டுங்க."

"பன்னெண்டுதானா. மீதிய மேல ஏத்துங்க. வெரசா. மேகம் எறங்குது பாருங்க."

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நானும் கேட்கவில்லை. படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னார்: "வியாழக்கெழம பத்து மணிக்கு வந்துருங்க. ஒன்றரைக்கு ராகுகாலம்."

மார்ச் 11, புதன்

புகை வழி கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிவாசல் கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையிலேயே விறகடுப்பில் வெந்நீர்ப் பானை, மதியம் இரண்டுக்குக் கஞ்சி உலை. சின்னத் தீ. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கஞ்சி குழைந்துவிடுகிறது, பூண்டுக்கும் நாள் முழுக்கப் புகை. இவர் குடித்துவிட்டு, "பள்ளிவாசல் கஞ்சிய விட நல்லாருக்கு" என்றார். அதுக்கென்ன என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

நாளைக்கு: ஆதார், போட்டோ 3, ஒப்பந்தம், சாட்சி இரண்டு பேர், பேனா (என்னுடையது).

மார்ச் 12, வியாழன்

பத்திர ஆபீஸ். கூட்டம். டோக்கன் 14. நெட் போய் வந்தது, போய் வந்தது.

அங்கம்மாளிடம் குமாஸ்தா மை டப்பாவை நீட்டினார், ரேகை வைக்க. "கையெழுத்துக்குத்தான் எட்டு வருசம் கழிச்சு வந்துருக்கேன். ரேக எதுக்கு?" என்று பேனாவைப் பிடுங்கி, பெயரை முழுசாக, மெதுவாக எழுதினார். அப்புறம்தான் குமாஸ்தா, ரேகையும் வேண்டும் என்றார். அதையும் வைத்தார்.

பிறகு பேச்சியம்மாளின் மகன் போட்டார். கடைசியாகப் பேச்சியம்மாள். நாற்பது வருடம் இருந்த வீடு. போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போய் நின்றார். நான் பின்னால் போனேன். "அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குக்கா. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன்" என்றேன்.

"தெரியும். பஸ்ல வரும்போது பொக தெரிஞ்சுச்சு."

12.40க்கு முடிந்தது. என் பெயரிலும் இவர் பெயரிலும்.

மார்ச் 13, வெள்ளி

வெயில். காற்று. பேரிப் பூ வாசலெல்லாம்.

கடையில் சுத்தியல், இரண்டரை அங்குல ஆணி நூறு கிராம். இவர் கேட்டார், நூறு கிராம் எதுக்கு, ஒரு காலண்டர்தானே? நான் சொன்னேன், ஏழு வீட்டுக்கும் சேர்த்து.

வாசல் அறையில் நல்ல இடம் பார்த்து முதல் ஆணி. இரண்டே அடி. மண் பொலபொலவென்று உதிர்ந்து, ஆணி காலடியில் விழுந்தது. தள்ளி ஒன்று. அதுவும் விழுந்தது. மூன்றாவது. சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். இத்தனை சட்டம் எழுதினேன், மண் சுவரில் ஆணி நிற்காது என்று எழுதவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்.

பூண்டு பார்க்க வந்த பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"செவுத்துல எவளாச்சும் ஆணி அடிப்பாளா? உத்தரத்துல அடிங்க. மரம் வைரம் பாஞ்சது."

அடுப்படிக்குப் போனோம். உத்தரம் முழுக்க அவருடைய ஆணிகள், ஒவ்வொன்றிலும் பூண்டு. ஓரத்தில் ஒன்று காலி. கெட்டுப்போன கத்தைகளில் ஒன்று தொங்கிய ஆணி. "இதுலயே மாட்டுங்க, சும்மாதானே கெடக்கு" என்றார்.

வேண்டாம் என்றேன். பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளி என் ஆணியை வைத்தேன். பேச்சியம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அடித்தேன். நின்றது.